படுதாவுக்குப் பின்னால் சேர்த்த முனை

கோயம்புத்தூர்
6-2-1983

மச்சானுக்கு,

முத்துக்கருப்பண்ணனின் வலது கையை எரித்தது நீங்கள்தான்.

இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். அக்கா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வந்து எட்டு நாளாகிறது. இங்கே ஒரு பம்பு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. வயிற்றுக்குக் கவலையில்லை. ஆனால் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த அண்ணனின் கைதான் நினைவுக்கு வருகிறது.

ஜனவரி பதினொன்றாம் தேதி நடந்ததை நீங்கள் ஊரெல்லாம் ஒரு மாதிரி சொல்லிவிட்டீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன். செக்கானூரணி ஆண்டிச்சாமியின் ஐந்து எச்.பி. மோட்டார், காயில் கம்பி கருகி வந்தது. பழைய கம்பியை அறுத்தெடுத்து, புதுக்கம்பி சுற்றி, உள்ளே வரிவரியாக இருக்கும் காடிகளில் இறக்கியது முத்துக்கருப்பண்ணன். ஒவ்வொரு சுற்றின் ஆரம்ப முனைக்கும் மஞ்சள் குழாய், கடைசி முனைக்கு வெள்ளைக் குழாய் மாட்டியதும் அவர்தான். அதோடு அவர் வேலை முடிந்தது. பதினாறு வருடம் உங்களிடம் இருக்கும் மனிதருக்கு அதற்கு மேல் உரிமையில்லை. முனைகளைச் சேர்க்கும் வேலை உங்களுடையது. வழக்கம்போல் மோட்டாரை அந்தப் பச்சைப் படுதாவுக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனீர்கள். வெளியே வரும்போது சேர்த்த இடமெல்லாம் நாடா சுற்றி மூடியிருந்தது. எதை எதோடு சேர்த்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. அதை எழுதிய நோட்டு உங்கள் மேசைக்குள், சாவி உங்கள் அரைஞாணில்.

ஆண்டிச்சாமி பொறுமை இழந்து கத்தினார். "தண்ணி இல்லாம வாழ கருகுது. படுதாவுக்குள்ள என்னய்யா பண்றீக, பூசையா?"

நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். முத்துக்கருப்பண்ணன் கரண்டு வரும் வெளி ஒயரை மாட்டிவிட்டுச் சுவிட்சைத் தூக்கினார். மோட்டார் சுற்றவில்லை, உறுமியது. பதறிப்போய் சுவிட்சை இறக்கினார். அதன் மூடி தீபாவளிக்கு முன்பே உடைந்தது, மாற்றச் சொல்லி நான் மூன்று முறை கேட்டேன். அதிலிருந்து பறந்த தீ அவர் கையில் பட்டது. கையெல்லாம் வார்னிஷ். பற்றிக்கொண்டது.

அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ரிக்‌ஷா திரும்புவதற்குள் அந்த மோட்டாரின் கம்பி முழுவதையும் அறுத்துச் சாக்கில் போட்டுவிட்டீர்கள். ஏன் அவ்வளவு அவசரம்? "அவன் வெளி ஒயரை மாத்திக் குடுத்துட்டான்" என்று எல்லோரிடமும் சொன்னீர்கள்.

நான் அந்தச் சாக்கைக் கிளறினேன். மஞ்சளோடு வெள்ளை சேர வேண்டிய ஓர் இடத்தில் வெள்ளையோடு வெள்ளை முறுக்கியிருந்தது. உங்கள் முறுக்கு, உங்கள் நாடா. அந்தத் துண்டு என் பெட்டியில் இருக்கிறது.

வெள்ளைத்துரை


ஆரப்பாளையம், மதுரை
17-2-1983

மாப்ள வெள்ளைத்துரைக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை. "தம்பி என்ன எழுதியிருக்கான்" என்று கேட்டாள். குளிர் அதிகமாம், கம்பளி வேண்டுமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கம்பளி அனுப்புவாள். வாங்கிக்கொள்.

சாக்கில் ஆயிரம் துண்டு கிடக்கும். எந்த மோட்டாரின் துண்டு என்று உனக்கு எப்படித் தெரியும்? ஐ.டி.ஐ. படித்துவிட்டால் கம்பி வாய் திறந்து பேசுமா?

நான் வெறுங்கையோடு வந்தவன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குழி நிலமும் இல்லாதவன் பிள்ளை. இன்றைக்கு மேற்கே வாலாந்தூர் வரைக்கும் எந்தக் கிணற்றில் மோட்டார் கருகினாலும் "பேயாண்டிகிட்டக் கொண்டு போ" என்கிறான். ஏன்? முனை சேர்ப்பது என் கை என்பதால். நாலு பேர் கையில் அதைக் கொடுத்திருந்தால் நாலு விதமாக இருக்கும். பட்டறைக்குத் தலை ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு தலை இருந்த பட்டறை எதுவும் பிழைத்ததை நான் பார்த்ததில்லை.

நீ என்னைக் குற்றவாளி ஆக்குகிறாய். சரி. பெரியாஸ்பத்திரியில் போலீஸ்காரர் விசாரித்தபோது ஒரு காகிதம் கொடுத்தோமே, "என் கவனக்குறைவால் நேர்ந்தது, முதலாளி பேரில் குற்றம் இல்லை" என்று. அதை எழுதியது யார் கை? என் எழுத்து நன்றாக இருக்காது என்று உன்னை எழுதச் சொன்னேன். எழுதினாய். ஒரு வார்த்தை மறுத்துப் பேசினாயா? அவனுடைய வலது கையில் கட்டு. இடது கைக் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, காகிதத்தில் வைத்து அழுத்தியது யார்? அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ரேகை வைக்கும்போது அவன் உன் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பதில் எழுது.

பேயாண்டி


கோயம்புத்தூர்
4-3-1983

மச்சானுக்கு,

நான்தான் எழுதினேன். கட்டைவிரலைப் பிடித்ததும் நான்தான். மறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிந்து எழுதினேன். நீங்கள் சோறு போட்டு வளர்த்தவர், அக்காவின் புருஷன், முதலாளி. மூன்று பேரும் ஒரே ஆளாக எதிரில் நிற்கும்போது பேனா தானாக ஓடியது. நான் மதுரையை விட்டு ஓடி வந்ததற்கு உங்கள் மேல் இருந்த கோபம் பாதிக் காரணம். மீதியை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஆனால் அந்தக் காகிதத்தில் உள்ளது பொய் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியாது. மறுநாள்தான் சாக்கைக் கிளறினேன். உங்களுக்கு அப்போதே தெரியும்.

இந்தக் கம்பெனியைப் பற்றிப் பெருமையாக எழுதுவேன் என்று நினைக்காதீர்கள். இங்கே படுதா கிடையாது. எத்தனை சுற்று, எந்தக் கம்பி, எந்த முனை எதோடு, எல்லாம் பெரிய எழுத்தில் வரைந்து சுவரில் மாட்டியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் நாள் அதன் முன்னால் நின்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நாள் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. என் வேலை, கம்பி இரும்பில் படாமல் இருக்கக் காடியில் காகிதம் செருகுவது. காலையிலிருந்து சாயந்தரம் வரை காகிதம். பக்கத்தில் இருப்பவன் மூன்று வருடமாக நாடா மட்டும் சுற்றுகிறான். சுவரில் எல்லாம் இருக்கிறது, எவனுக்கும் ஒரு முழு மோட்டாரைத் தொட வழியில்லை. ஒன்றுக்குப் போகவும் டோக்கன். என் பெயர் இங்கே 212.

நீங்கள் ஒளித்து வைத்து ஆளை முடமாக்குகிறீர்கள். இவர்கள் காட்டிக்கொண்டே முடமாக்குகிறார்கள். உங்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஆள் பெயர் தெரியும், அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெரியும். அதுவும் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது? கோடு போட்ட தாளில்கூட வரிகள் கோட்டைத் தாண்டி ஏறி இறங்குகின்றன. முன்பு இப்படி இருக்காதே.

வெள்ளைத்துரை


ஆரப்பாளையம், மதுரை
29-3-1983

மாப்ள,

வயதானால் கை நடுங்கும். எழுத்தைப் பற்றிக் கேட்காதே.

இங்கே மழை இல்லாமல் வெயில் கொளுத்துகிறது. கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கரண்டு வருவதே சில மணி நேரம், வந்தாலும் வோல்டேஜ் இல்லை. மோட்டார்கள் வரிசையாகக் கருகுகின்றன. இந்த மாதிரி வருடத்தில் பட்டறை கொழிக்க வேண்டும். ஆனால் பத்தொன்பது மோட்டார் சுற்றி முடித்து, முனை சேர்க்காமல் தரையில் கிடக்கிறது. என்னால் ஒரு நாளைக்கு இரண்டுதான் முடிகிறது. பையன்கள் சுற்றி முடித்துவிட்டு பீடி குடிக்கிறான்கள். எதைக் கேட்டாலும் "நீங்க சொன்னாத்தான்ணே" என்று என் வாயைப் பார்க்கிறான்கள். ஆணி அடிப்பதற்குக்கூட. நான்தான் அப்படிப் பழக்கினேன் என்று நீ எழுதுவாய். எழுதாதே, எனக்கே தெரியும்.

ஆண்டிச்சாமி தன் மோட்டாரை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார். போகும்போது, "பேயாண்டி, ஒன் தொழில் பெருசுதான்ப்பா. எம் வாழைக்குத்தான் அம்புட்டு நாள் பொறுமை இல்ல" என்றார். திட்டியிருந்தாலும் தேவலை.

முத்துக்கருப்பன் வேலைக்கு வந்துவிட்டான். விரல்கள் மடங்குகின்றன, தோல்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. சுற்றுகிறான். ஆனால் சுவிட்ச் பக்கம் போகமாட்டேன் என்கிறான். நேற்று போகச் சொன்னேன். போர்டுக்கு முன்னால் நின்றான். கை மேலே போனது, பாதியில் நின்றுவிட்டது. "அண்ணே, வேற யாரையாச்சும் தூக்கச் சொல்லுங்க. இந்தக் கைய நம்ப முடியல" என்றான். பையன்கள் யாரும் சிரிக்கவில்லை.

படுதாவைப் பற்றி நீ எழுதியது மனதில் கிடக்கிறது. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் தொழில் பழகியது சிம்மக்கல்லில் ஹாலாஸ்யம் அய்யர் பட்டறையில். எட்டு வருடம். முனை சேர்க்கும்போது கதவைச் சாத்திக்கொள்வார். "ஒனக்கெல்லாம் எதுக்குடா அது?" என்பார். அவர் அறைக்கு மேலே தகரக் கூரை. அதில் ஓர் ஆணி ஓட்டை. ஒழுகுது, அடைக்கிறேன் என்று ஏறி ஏறி, வயிற்றில் கொப்புளம் போடச் சுடுதகரத்தில் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துப் படித்தேன். பிறகு மூன்று தெரு தள்ளிப் பட்டறை போட்டேன். இரண்டே வருடத்தில் அவர் கடையை மூடினார். ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே எல்லாவற்றையும் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அன்றைக்குச் சாயந்தரமே அந்தப் பச்சைத் துணியை வாங்கிவிட்டேன்.

அதனால்தான். வேறொன்றும் இல்லை.

நீ திரும்பி வந்துவிடு. உன் அக்கா கேட்கிறாள் என்று வைத்துக்கொள்.

பேயாண்டி


கோயம்புத்தூர்
11-4-1983

மச்சானுக்கு,

சுடுதகரத்தில் படுத்திருந்த அந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஆள் எங்கே போனான்? அவனே கீழே இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டானா?

ஹாலாஸ்யம் அய்யர் காட்டிக் கொடுத்திருந்தால் நீங்கள் திருடியிருக்க வேண்டியதில்லை. ஒருவேளை அவருடனேயே இருந்திருப்பீர்கள். அவர் கடையை மூடவைத்தது நீங்கள் இல்லை, அவர் சாத்திய கதவு. இப்போது உங்களிடம் பத்தொன்பது மோட்டார் தரையில் கிடக்கிறது. அவற்றை நிறுத்தி வைத்திருப்பது மழையா, கரண்டா? ஐந்து முழத் துணி. பதினாறு வருடம் மோட்டாருடன் வாழ்ந்தவருக்கு முனை சேர்க்க ஒரு வாரத்தில் வந்துவிடும். உங்களுக்கும் அது தெரியும்.

நான் வருகிறேன். சும்மா வரமாட்டேன். படுதாவைக் கழற்றுங்கள், நோட்டை ஆணியில் தொங்கவிடுங்கள், சுவிட்சுக்கு மூடி போடுங்கள். இதெல்லாம் பட்டறைக்காக. இன்னொன்று முத்துக்கருப்பண்ணனுக்காக. "அன்றைக்குத் தப்பு என்னுடையது" என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் கை சுவிட்சுக்குப் போகாமல் நிற்பது தீக்காயத்தால் இல்லை. தன் கைதான் தப்புச் செய்தது என்று அவர் நம்புகிறார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து காகிதத்தில் எழுதி அவரை நம்பவைத்தோம். அந்த நம்பிக்கையை உடைக்க மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. உங்கள் வாயில் இருக்கிறது.

எழுத்தைப் பற்றிக் கேட்காதே என்கிறீர்கள். உங்கள் கடைசிக் கடிதத்தில் இரண்டு வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. விலாசம் புரியாமல் தபால்காரர் நாலு லைன் வீடு அலைந்திருக்கிறார். கை நடுங்கினால் எழுத்து நெளியும். வரி மேல் வரி ஏறாது. எழுதியதே கண்ணுக்குத் தெரியாதவன்தான் அப்படி எழுதுவான்.

மச்சான், எவ்வளவு நாளாகக் கண் தெரியவில்லை?

வெள்ளைத்துரை


ஆரப்பாளையம், மதுரை
14-5-1983

மாப்ள,

உன் கடிதத்தை உச்சி வெயிலில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ஒரு மாதம் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சித்திரைத் திருவிழாவுக்குப் பட்டறையை மூடினோம். அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு திறந்தேன். திறந்ததும் முதல் வேலையாக ஸ்டூலில் ஏறிப் படுதாவைக் கழற்றினேன்.

பையன்களில் காளைதான் கேட்டான், "என்னண்ணே, தொவைக்கப் போடுறீகளா?"

"இல்லடா, கிழிச்சுக் கை தொடைக்க வச்சுக்கங்க" என்றேன்.

எவனும் நம்பவில்லை. ஒரு மணி நேரம் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தான்கள். பிறகு காளைதான் பல்லால் கடித்துக் கிழித்தான். நோட்டையும் ஆணியில் தொங்கவிட்டேன். எல்லோருக்கும் முன்னால் முதல் மோட்டாரை எடுத்து உட்கார்ந்து, எந்த முனை எதோடு என்று சொல்லிச் சொல்லிச் சேர்த்தேன்.

இரண்டு வருடமாகிறது, மாப்ள. முதலில் சாயந்தரத்தில் மட்டும் மங்கல். பிறகு பகலிலும் பனி மாதிரி. மஞ்சள் எது, வெள்ளை எது என்று மூக்குக்கு அருகில் வைத்தாலும் சந்தேகம். தொழில் ரகசியத்துக்காகத் தொங்கவிட்ட துணி, பிறகு என் கண்ணை மறைக்கத்தான் உதவியது. அன்றைக்கு ஆண்டிச்சாமி வெளியே கத்திக்கொண்டிருந்தார். மஞ்சள் என்று நினைத்து எடுத்தேன். நீ சாக்கில் பார்த்தது சரி. சாப்பிட்டுவிட்டு வந்து, வெயிலில் வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்போது அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

இன்னும் ஒன்று. அவன் வேலைக்குத் திரும்பிய பிறகு சுற்றிக் கொடுத்த மோட்டார்களில், வெள்ளைக் குழாய் மாட்டிய ஒவ்வொரு முனையிலும் நூலால் சின்னதாக ஒரு முடிச்சு. படுதாவுக்குள் என் விரலில் தட்டுப்பட்டது. "எதுக்குடா முடிச்சு?" என்று கேட்டேன்.

"சும்மாண்ணே, கொழா நழுவாம இருக்க."

பதினாறு வருடமாக நழுவாத குழாய். எனக்கு வந்த கோபத்தில் மூன்று மோட்டாரின் முடிச்சுகளைப் பிய்த்து எறிந்தேன். அவன் நாலாவதிலும் போட்டிருந்தான். அதிலிருந்து முடிச்சைத் தடவித்தான் சேர்க்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

என் கண்ணின் நிலைமை அவனுக்குத் தெரியும். அதையும் அன்றைக்கு நடந்ததையும் அவன் சேர்த்துப் பார்த்தானா என்று தெரியவில்லை. சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போடுகிறானோ என்று நினைத்தால் எனக்கு அவன் எதிரில் நிற்க முடியவில்லை.

இப்போது அவனும் காளையும் முனை சேர்க்கிறார்கள். பத்தொன்பதில் பதினாறு போய்விட்டது. இதை நீ கேட்டுக்கொண்டதற்காகச் செய்யவில்லை, தரையில் இடம் இல்லாமல் செய்தேன்.

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே.

பேயாண்டி


கோயம்புத்தூர்
20-6-1983

மச்சானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வந்திருந்தேன். உங்களைப் பார்க்கவில்லை. கோச்சடையில் முத்துக்கருப்பண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு அப்படியே திரும்பிவிட்டேன். அக்காவிடம் சொல்லாதீர்கள், வருத்தப்படுவாள்.

நான் என் பங்கைச் சொன்னேன். "அண்ணே, அந்தக் காகிதத்தை எழுதினது நான். அது பொய்யி" என்றேன்.

அவர் சிரித்தார். "என்ன தம்பி, சின்னப்புள்ளையாட்டம் பேசுறீக? முதலாளி சொன்னாரு, எழுதுனீக. அதுல என்ன பொய்யி? நாந்தான ஒயரு குடுத்தேன்."

"சரியாத்தான்ணே குடுத்தீக."

"அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வாசல்ல நின்னீக. மோட்டாரு உறுமுனது எங் கையில. எனக்குல்ல தெரியும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சின்னத்தாய் வந்தார். "நல்லாக் கேளுங்க தம்பி. வீட்ல லைட்டு போடக்கூட என்னையத்தான் கூப்புடுறாரு. பொண்டாட்டிய வேல வாங்க ஒரு சாக்கு கெடச்சிருச்சு" என்றார். எங்களைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

உங்கள் கடிதம் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்ட ஒரு நிமிடம் போதும். நீட்டவில்லை. நீங்கள் காட்டாதே என்று சொன்னதற்காக இல்லை. மறுபடியும் யாரோ எழுதிய காகிதத்தை அவர் முன்னால் நீட்டி, இதுதான் உண்மை, நம்பு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு முறை செய்தது போதும். பட்டறையில் எல்லோருக்கும் முன்னால் பழி போட்டீர்கள். அதை எல்லோருக்கும் முன்னால் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

வாயால் சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். மேல் பாதியில் என் வாக்குமூலம். "11-1-83 அன்று முத்துக்கருப்பன் பெயரில் நான் எழுதிய காகிதம் பொய். உண்மை தெரியாமல் எழுதினேன், தெரிந்த பிறகும் சொல்லாமல் ஓடினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழ்ப் பாதி உங்களுக்கு. ஒரே வரி போதும். எழுதி, நோட்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுங்கள்.

மாட்டிய அன்றைக்கு நான் இந்த 212-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

வெள்ளைத்துரை


ஆரப்பாளையம், மதுரை
10-7-1983

மாப்ள,

கோச்சடை வரைக்கும் வந்தவன் இங்கே வராமல் போனது உன் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் மேல் கோபம் வந்தால் என்னிடம் பேசாமல் இருப்பது அவள் வழக்கம்.

பட்டறை நன்றாக நடக்கிறது. இப்போது நாலு பேர் முனை சேர்க்கிறார்கள். காலையில் வந்த மோட்டார் மறுநாள் போகிறது. ஆண்டிச்சாமி திரும்பி வந்துவிட்டார். வந்தவர், "முத்துக்கருப்பன் இருக்காராய்யா?" என்று கேட்டார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். "உள்ள இருக்காருய்யா, போங்க" என்றேன். அவனை நான் 'ர்' போட்டுச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சுவிட்சுக்கு மூடி போட்டாயிற்று. ஏதாவது சந்தேகம் வந்தால் பையன்கள் என்னிடம் வருவதில்லை, தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நேற்று ஒரு பழைய மோட்டாருக்குக் கணக்கு என் நோட்டில் இல்லை. மூன்று பேர் உட்கார்ந்து தரையில் சாக்பீஸால் வரைந்து கண்டுபிடித்தார்கள். முப்பது வருடத்தில் என் பட்டறையில் அவ்வளவு பேச்சுச் சத்தம் கேட்டதில்லை. ஒதுங்கி உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

தாள் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். கண் தெரியாமல் எதிலே என்னத்தை எழுதுவது? இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆடி கழிந்ததும் ஆபரேஷன். அது முடியட்டும்.

நீ சின்னவன், உனக்கு ஒரு வரி. எனக்கு அப்படி இல்லை. பேயாண்டி சேர்த்த முனை தப்பாது என்று மேற்கே எல்லாக் கிணற்று மேட்டிலும் சொல்கிறான். அந்தப் பேச்சைத் தவிர நான் சம்பாதித்தது வேறொன்றும் இல்லை. வீடு வாடகை வீடு, உனக்கே தெரியும்.

கண் தெரியட்டும், மாப்ள. பிறகு பார்ப்போம்.

பேயாண்டி


கோயம்புத்தூர்
6-11-1983

மச்சானுக்கு,

செப்டம்பரில் ஒரு கடிதம் போட்டேன். அக்டோபரில் ஒரு கார்டு. இரண்டுக்கும் பதில் இல்லை. அக்காதான் காளையை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கண்ணாடி போட்டாயிற்று என்று தெரிந்துகொண்டேன். "ஒன் மச்சான் இப்ப அரிசியில கெடக்குற கல்லையும் எடுத்துக் காட்டி வையிறாரு" என்று அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறான். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

காளை தன் சொந்தப் பேச்சாகவும் நாலு வரி சேர்த்திருக்கிறான். தீபாவளிக்கு எல்லோருக்கும் வேட்டி கொடுத்தீர்களாம். முத்துக்கருப்பண்ணனுக்கு மட்டும் கூட ஒரு துண்டு, அதை நீங்களே தோளில் போட்டுவிட்டீர்களாம். பட்டறைச் சாவியும் இப்போது அவரிடம்தானாம். எல்லா மோட்டாருக்கும் அவர்தான் கடைசியாகக் கை வைத்துச் சரி பார்க்கிறாராம். சரி பார்த்துவிட்டு, "காள, வந்து சுவிட்ச தூக்குப்பா" என்று கூப்பிட்டுவிட்டு வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றுகொள்கிறாராம். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே வருகிறாராம். இன்றைக்கு வரைக்கும்.

படுதாவைக் கிழித்தீர்கள், நோட்டைக் கொடுத்தீர்கள், சாவியைக் கொடுத்தீர்கள், துண்டு போர்த்தினீர்கள். உங்கள் இடத்தில் இருக்கும் பத்து முதலாளிகளில் ஒருவன்கூட இதைச் செய்யமாட்டான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனையும் கொடுத்தது, அந்த ஒன்றைக் கொடுக்காமல் இருப்பதற்காகத்தானா என்று இங்கே காகிதம் செருகிக்கொண்டே யோசிக்கிறேன். தோளில் துண்டோடு ஒரு மனிதர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். உங்கள் புதுக் கண்ணாடி வழியாக அது தெரியாமல் இருக்காது.

தாளில் என் கையெழுத்துக்குக் கீழே பாதி இடம் விட்டிருக்கிறேன். கண் தெரியட்டும் என்றீர்கள். இப்போது தெரிகிறது. எழுதுங்கள்.

வெள்ளைத்துரை